எண்பதாயிரம் ரூபாய்க் கூந்தல்

மூன்று மாதங்களுக்கு முன் திருத்தணி மலை மேல் ஒரு மொட்டை வைபவம் நடந்தது. என் சித்தி மகளின் குழந்தைக்குத்தான். பதினோரு மாதப் பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டு, முதல் இரண்டு இழுப்புக்கு மலையே அதிரும்படி அழுதான். மூன்றாவது இழுப்புக்குள் நாவிதருடைய சட்டைப் பொத்தானில் அவனுக்குக் கவனம் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் காரியம் முடிந்து, தலை நிறையச் சந்தனத்தைப் பூசி, வழுவழுவென்று அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"கட்டணம் எவ்வளவு?" என்று பழக்க தோஷத்தில் கேட்டு வைத்தேன். கிடையாதாம். அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2021-ஆம் வருஷமே அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. எனக்குத்தான் மறந்து போயிருந்தது.

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே என் தங்கை சொன்னாள்: "பாருங்க அக்கா, இவனுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்காம வழிச்சாச்சு. ஆறு மாசத்திலே புசுபுசுன்னு வந்துடும். எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

வேடிக்கையாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவள் சிரிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

அவள் கல்யாணத்தன்று அலங்காரம் செய்ய வந்த அம்மாள், பையிலிருந்து எடுத்த சவுரியை அப்படியே திரும்பப் பைக்குள் வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படிப்பட்ட பின்னல். இப்போது எலிவால் மாதிரி இருந்தது. முன் வகிடு அகன்று, அதன் வழியே தலையின் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. ஆண்பிள்ளைக்கு முன்தலை ஏறினால், "வழுக்கை விழுந்தால் பணம் வரும்" என்று சொல்லித் தேற்றுகிறார்கள். பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு வசனத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

திருத்தணியிலிருந்து திருவள்ளூர், பெரியபாளையம் வழியாக வேனில் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அவள் கணவர் அங்கே சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளர். வயது முப்பத்தாறு. நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, நடுவில் மட்டும் ஒரு தீபகற்பம் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் ஆளுக்கொரு சித்தாந்தம். எல்லாம் ஆலை ஹெல்மெட்டால் வந்த வினை என்பது மாப்பிள்ளையின் கட்சி. போர் தண்ணீர் உப்பு என்பது என் தங்கையின் கட்சி. "தலைக்கு எண்ணெய் வைக்கிறதே இல்லை, அப்புறம் எப்படி நிக்கும்?" என்பது அவள் மாமியாரின் கட்சி. கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஒரு சீசா எப்போதும் அலமாரியில் தயார்.

இரவு சாப்பாடு ஆகி, குழந்தை தூங்கிய பிறகு, தங்கை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தாள். வழவழப்பான காகிதம். ஒரு பக்கம் வழுக்கைத் தலை, அடுத்த பக்கம் அதே தலையில் அடர்ந்த முடி. "ஸ்டெம் செல் சிகிச்சை! உங்கள் செல்லே உங்கள் கூந்தலை வளர்க்கும்! நூறு சதவிகிதம் பலன்!" நான்கு தடவை ஊசி, எண்பதாயிரம் ரூபாய். தம்பதியாக வந்தால் இருவருக்கும் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம். ஏதோ ஜோடியாகப் புடவை வேஷ்டி எடுக்கிற தோரணையில் சலுகை!

"பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டேன் அக்கா. மகளிர் குழுவிலே கடன் வாங்கினேன். அவருக்குத் தெரியாது. பாக்கிக்கு வளையலை வைக்கலாம்னு இருக்கேன். நீங்க பத்திரிகையிலே எழுதறவங்கதானே, சொல்லுங்க. போட்டுக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. "பத்து நாள் பொறு" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை மின்சார ரயிலைப் பிடித்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். அந்தப் பத்து நாட்களில் படித்ததையும், எனக்குத் தெரிந்த ஒரு தோல் வைத்திய டாக்டரம்மாளைத் துளைத்தெடுத்துக் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, யார் கண்டது?

முதலில் திருத்தணியில் என் தங்கை கேட்ட கேள்வி. அசட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும் விஷயமே அதில்தான் இருக்கிறது. மொட்டை போட்ட குழந்தைக்கு ஏன் முடி வருகிறது? நாவிதருடைய கத்தி தோலுக்கு மேலே உள்ளதைத்தான் எடுக்கிறது. முடியைச் செய்கிற தொழிற்சாலை தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. அதற்குத்தான் மயிர்க்கால் என்று பெயர். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் குமிழ். அந்தக் குமிழில் உள்ள செல்கள்தாம் மேஸ்திரி. "இங்கே முடி வளரட்டும்" என்று சுற்றியுள்ள தோலுக்கு உத்தரவு கொடுப்பவை அவையே.

இந்தத் தொழிற்சாலைகளும் சிப்காட் ஆலைகளைப் போல ஷிப்டு முறையில்தான் ஓடுகின்றன. ஒரு மயிர்க்கால் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வேலை செய்யும். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிகிற சமயம் பழைய முடி விழுந்து புதியது கிளம்பும். எப்போதும் பத்தில் ஒரு பங்குதான் ஓய்வில் இருக்கும். மற்றவை வேலையில் இருக்கும். அதனால் தினசரி ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ஹார்மோன்கள் கூடுவதால் ஓய்வுக்குப் போக வேண்டியவையும் போகாமல் வேலையிலேயே நிற்கின்றன. பிள்ளைத்தாய்ச்சியின் கூந்தல் கூடுதல் அழகாக இருப்பது அதனால்தான். பிரசவம் ஆனதும் ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. இத்தனை நாள் லீவு எடுக்காத தொழிலாளிகள் எல்லாரும் ஒரே நாளில் லீவு போட்டால் ஆலை என்ன ஆகும்? அதுதான் தலையிலும் ஆகிறது. பிரசவமாகி இரண்டு, மூன்று, நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். சீப்பைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் தொழிற்சாலை ஒன்றுகூட மூடப்படவில்லை! குழந்தைக்கு ஒரு வயது நிரம்புகிற சமயத்தில் பெரும்பாலான தாய்மார்களுக்கு அது தானே திரும்பிவிடுகிறது. டைபாய்டு, டெங்கு, கொரோனா மாதிரி கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுவதும் இதே கதைதான்.

மாப்பிள்ளையின் தலையில் நடப்பது வேறு. அங்கே ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருளுக்கு, பரம்பரையாக வந்த கூச்சம் சில மயிர்க்கால்களில் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் குறுகுகிறது. முடி கொஞ்சம் மெலிகிறது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிரோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1942-லேயே ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டிவிட்டார். பாவம், ஹெல்மெட்டின் மேல் குற்றமில்லை. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி ஒடிய வைக்கும், மயிர்க்காலைக் கொல்லாது. காய்ச்சிய எண்ணெய் முடிக்குப் பளபளப்புத் தரும், சிக்கு எடுக்கச் சௌகரியம்; குறுகிய மயிர்க்காலை அது பெரிதாக்காது. அத்தை கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு தலை, இரண்டு வேறு விஷயம். நோட்டீஸ்காரருக்கோ இரண்டுக்கும் ஒரே ஊசி!

சரி, செல்லைக் கொண்டு முடி வளர்ப்பது என்பதே புரளியா? இல்லை. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

ஸ்காட்லாந்தில் டண்டீ சர்வகலாசாலையில் ஆலிவர் என்பவரும் கோலின் ஜஹோடா என்ற இளைஞரும் எலியின் மீசைமுடிக்கு அடியில் உள்ள குமிழ்ச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மறுபடியும் எலியின் உடம்பில் வைத்தார்கள். முடி வளர்ந்தது. இது 1984-ல். பிறகு ஜஹோடா இங்கிலாந்தில் டர்ஹாம் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவரும் அவருடைய மனைவி அமாண்டா ரெனால்ட்ஸும் சேர்ந்து செய்த காரியத்தைக் கேளுங்கள். கணவர் தம் தலையிலிருந்து சில மயிர்க்கால்களை எடுத்து, அவற்றின் அடிப்பாகத்து உறையைப் பிரித்தார். அதை மனைவியின் முன்கையில் சின்னக் கீறல் செய்து வைத்தார்கள். சில வாரங்களில் அந்த அம்மாளின் கையில், அங்கே வழக்கமாக இருக்கிற பூனைமயிர் அல்லாமல், தடித்த முடி முளைத்து நின்றது! சோதித்துப் பார்த்தால் அதில் ஆணின் செல்கள் இருந்தன. பிறத்தியாருடைய செல் என்று மனைவியின் உடம்பு அதைத் தள்ளவும் இல்லை. 1999-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் இது வெளிவந்தபோது உலகம் முழுவதும் பத்திரிகைகள் கொண்டாடின. புருஷன் தலையில் கை வைக்கிற மனைவியை நாம் பார்த்திருக்கிறோம். புருஷன் தலைமுடியைத் தன் கையில் வளர்த்த மனைவி அமாண்டா அம்மாள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

வழுக்கைக்கு இனி ஆயுள் ஐந்து வருஷம் என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

ஏன் தாமதம்? ஒரு தலைக்கு வேண்டிய அளவு செல் வேண்டுமானால், எடுத்த கொஞ்சத்தைத் தட்டில் வளர்த்துப் பெருக்க வேண்டும். எலியின் செல் தட்டில் வளர்ந்த பிறகும் தன் தொழிலை மறக்கவில்லை. மனிதச் செல் மறந்துவிடுகிறது! தட்டையான கண்ணாடியில் பரவிப் பெருகப் பெருக, தான் ஒரு மேஸ்திரி என்ற நினைப்பே அதற்குப் போய்விடுகிறது. 2013-ல் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ, கிளேர் ஹிக்கின்ஸ் என்ற இரண்டு பெண்மணிகள் ஜஹோடாவுடன் சேர்ந்து ஒரு யுக்தி செய்தார்கள். செல்களைத் தட்டில் பரப்பாமல், தொங்குகிற நீர்த்துளிக்குள் விட்டு, உருண்டையாகத் திரளச் செய்தார்கள். நம் வீட்டில் பூந்தியைச் சேர்த்து லட்டு பிடிப்பதுபோல. கூட்டமாகச் சேர்ந்ததும் செல்களுக்குப் பழைய ஞாபகம் ஓரளவு திரும்பியது. ஏழு பேரிடம் எடுத்த செல்களில் ஐந்து பேருடையது, எலியின் முதுகில் ஒட்டிய மனிதத் தோலில் முடியை உண்டாக்கியது. கிறிஸ்டியானோ அம்மாளுக்கே பூச்சிவெட்டு வந்து முடி கொட்டியதுண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். வெறும் பட்டத்துக்காக அவர் இந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை.

ஆனாலும் எலி முதுகு வேறு, நம் தலை வேறு. முளைக்கிற முடி சரியான நிறத்தில், சரியான சாய்வில், தோலுக்கு வெளியே வர வேண்டும். உள்நோக்கி வளர்ந்தால் என்ன செய்வது? விழுந்தபின் மறுபடி முளைக்க வேண்டும். பெருகுகிற செல் பெருகிக்கொண்டே போய்க் கட்டியாகிவிடக் கூடாது. இத்தனைக்கும் ஜவாப் சொல்ல வேண்டும்.

பணக்காரக் கம்பெனிகள் முயன்று பார்த்தன. மான்செஸ்டரில் இன்டர்சைடெக்ஸ் என்ற கம்பெனி மனிதர்கள் மேல் பரிசோதனை வரை போய்ப் பின்வாங்கியது. ஜப்பானில் அடெரான்ஸ் என்று பேர்போன பொய்முடிக் கம்பெனி. பொய்முடி விற்கிறவரே நிஜமுடி வளர்க்கக் கிளம்பியது நல்ல மனசுதான். அமெரிக்காவில் அவர்கள் வைத்திருந்த ஆராய்ச்சிக்கூடத்தை 2013-ல் மூடிவிட்டார்கள்.

மனிதர்களிடம் நியாயமாகச் செய்து, 2020-ல் வெளியிடப்பட்ட ஒரு பரிசோதனையை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அதையும் செய்தவர்கள் ஜப்பானியர்தாம். ஷிசெய்டோ கம்பெனியின் கூட்டுறவோடு நடந்தது. 65 பேர், அதில் 15 பேர் பெண்கள். பின்தலையிலிருந்து சிறிது தோல் எடுத்து, மயிர்க்கால் அடியுறைச் செல்லை வளர்த்து, தலையில் நான்கு இடத்தில் ஊசி போட்டார்கள். ஓர் இடத்தில் செல் அதிகம், ஓர் இடத்தில் நடுத்தரம், ஓர் இடத்தில் குறைவு. நான்காவது இடத்தில் செல்லே இல்லாத வெறும் திரவம். எது எந்த இடம் என்று ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, எண்ணிப் பார்த்தவருக்கும் தெரியாது. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் எண்ணியபோது, குறைவான செல் போட்ட இடத்தில் மட்டும் முடி சற்றுக் கூடியிருந்தது. அதிகமாகப் போட்ட இடத்தில் அந்தப் பலன் இல்லை! இதிலிருந்து என்ன தெரிகிறது என்று டாக்டரம்மாளைக் கேட்டேன். "ஏதோ இருக்குன்னு தெரியுது. என்னன்னு முழுக்கப் புரியலைன்னும் தெரியுது" என்றார். 'நூறு சதவிகிதம்' என்று அச்சடிக்கிற நோட்டீஸைவிட இந்தப் பதிலின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த நான்காவது இடம்தான், வெறும் திரவம் போட்ட இடம்தான், என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. எதற்காக ஒருவர் தலையில் வேண்டுமென்றே ஒன்றுமில்லாததைக் குத்த வேண்டும்?

என் தங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பதினோரு மாதம். முடி தானாகத் திரும்புகிற காலம் வாசலில் நிற்கிறது. இந்தச் சமயத்தில் அவள் வளையலை அடகு வைத்து நான்கு ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று வையுங்கள். நான்கைந்து மாதத்தில் முடி வரும். கட்டாயம் வரும். வெறும் கிணற்றுத் தண்ணீரைப் போட்டிருந்தாலும் வரும்! அவளும் சந்தோஷமாக, முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பாள். அடுத்த நோட்டீஸில் அவள் தலை அச்சாகும். அதைப் பார்த்து இன்னொரு பிள்ளை பெற்றவள் குழுக் கடன் வாங்குவாள். இதில் யாரும் பொய் சொல்லவே வேண்டியதில்லை. போட்டோ நிஜம், முடி நிஜம், அவள் சந்தோஷமும் நிஜம். ஊசிக்கும் முடிக்கும் சம்பந்தம் உண்டா என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த நான்காவது இடம்.

நிற்க. நம் தேசத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டியில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ரத்தப் புற்றுநோய் போன்ற ரத்த வியாதிகளுக்குச் செய்கிற மாற்றுச் சிகிச்சை தவிர, வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்க அதில் இடமில்லை. மற்றதெல்லாம் ஆராய்ச்சி. அனுமதி பெற்று, பரிசோதனையாகத்தான் நடத்தலாம். பரிசோதனைக்கு வருகிறவரிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. அவருக்குப் புரிகிற பாஷையில் எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பரிசோதனையால் தீங்கு வந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் தர வேண்டும் என்று 2019-ஆம் வருஷத்து மருந்துப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. பரிசோதனைகளைப் பதிய சி.டி.ஆர்.ஐ. என்று ஓர் அகில இந்தியப் பதிவேடு இருக்கிறது. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். இன்னொரு விசித்திரம். 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று. இந்த வியாதிகளைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிற ஜாபிதா அது. புற்றுநோய்க்கும் குருட்டுத்தன்மைக்கும் பக்கத்தில் வழுக்கையும் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது.

பத்தாம் நாள் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். தங்கையை விட்டே அந்த இடத்துக்குப் போன் போடச் சொன்னேன். எதிர்முனையில் ஒரு பெண், குரலில் தேன் சொட்டியது.

"உங்க சிகிச்சைக்கு சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்னங்க?"

"அது டாக்டர்கிட்டேதான் கேக்கணும் மேடம். இன்னிக்கே கட்டினீங்கன்னா ஐயாயிரம் டிஸ்கவுண்ட் இருக்கு மேடம்."

"ஸ்டெம் செல்லை எங்கேயிருந்து எடுப்பீங்க?"

"உங்க ரத்தத்திலேருந்தே எடுத்து, மிஷின்லே சுத்தி, உடனே போட்டுடுவோம் மேடம். அரை மணி நேரம்தான்."

நான் டாக்டரம்மாளிடம் கேட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து ஊசி போடுவது பி.ஆர்.பி. என்கிற முறை. டெங்கு வந்தால் எண்ணுவார்களே பிளேட்லெட், அதைச் சேர்த்துப் போடுவது. தோல் வைத்தியர்கள் பலர் அதைச் செய்கிறார்கள். சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்கு இல்லை. அது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது ஸ்டெம் செல் அல்ல! பித்தளைக்குப் பித்தளை விலை சொன்னால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? 'எக்ஸோசோம்' என்று இன்னொரு பெயரும் இப்போது நோட்டீஸ்களில் உலாவுகிறது. செல்கள் வெளிவிடும் நுண்ணிய பைகள் அவை. அனுமதி பெறாத எக்ஸோசோம் ஊசிகளால் சிலருக்குக் கெடுதல் நேர்ந்தது என்று 2019 டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா எச்சரித்தது.

"தலைமுடி விஷயம்தானே அக்கா, உயிருக்கா ஆபத்து?" என்றாள் தங்கை. 2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர், டாக்டருக்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதற்குப் பின் இறந்துபோனதைச் சொன்னேன். முடி நடுவதை யார் செய்யலாம், எங்கே செய்யலாம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் விதி எழுதியதையும் சொன்னேன். அடுக்களையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

அதற்கு மேல் ஒளிக்க முடியாது. அன்று ராத்திரி அவள் கணவரிடம் கடன் விஷயத்தைச் சொன்னாள். நான் பயந்த அளவுக்குச் சண்டை வரவில்லை. மாப்பிள்ளை தம் தீபகற்பத்தைத் தடவிக்கொண்டு, "நானும் அந்த நோட்டீஸை ஆலைக் கேட்டிலே வாங்கிப் பையிலே வெச்சிருந்தேன் அக்கா" என்றார். பிறகுதான் எல்லாரும் சிரித்தோம்.

மறு வாரம் இருவரையும் டாக்டரம்மாளிடம் அழைத்துப் போனேன். தங்கையின் தலையை நன்றாகப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச் சத்து மட்டும் அடிமட்டத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தினவள், மறுபடி எடுக்கவே இல்லை. குழந்தைக்குப் பாலும் கொடுத்துக்கொண்டு, மிஞ்சினதைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் எங்கிருந்து வரும்? "இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடு. தலைக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு வயசு தாண்டியும் வகிடு இப்படியே அகலமா இருந்தா வா. அப்ப வேற ஏதாவதான்னு பார்க்கலாம்" என்றார். பெண்களுக்கும் பரம்பரையாக வகிடு அகலுவது உண்டு, அது பிரசவ உதிர்வு அல்ல என்பதற்காகத்தான் அந்தக் கடைசி வார்த்தை.

மாப்பிள்ளைக்கு மினாக்சிடில் என்ற தடவு மருந்து. அதன் பூர்வோத்தரமும் ஒரு வேடிக்கை. முதலில் அது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடமெல்லாம் முடி வளரவே, "அடடே!" என்று விழித்துக்கொண்டார்கள். 1988-ல் அமெரிக்காவில் அதைத் தலைக்குத் தடவ அனுமதித்தார்கள். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் வந்தது போய்விடும். போன தீபகற்பம் கண்டமாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மாள் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"அந்த ஜப்பான் ஊசி எப்பங்க நம்ம ஊருக்கு வரும்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"வந்தா நானே கூப்பிட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மாள். கேலியாக அல்ல. 2011-ல் பென்சில்வேனியாவில் செய்த ஓர் ஆராய்ச்சியில் வழுக்கைத் தலையிலும் ஸ்டெம் செல்கள் சாகாமல் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள் என்றும், வேலைக்கு எழுப்பத்தான் இன்னும் வழி தெரியவில்லை என்றும் அவரிடம் விளக்கினார். மாப்பிள்ளை அதை ரொம்பக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஷிப்டுக்கு வராத ஆளை எழுப்பி அழைத்து வருகிற சிரமம் அவருக்குத் தெரியாததா?

சென்ற வாரம் தங்கை போன் செய்தாள். நெற்றியோரம் முழுக்கக் குட்டி முடி கிளம்பி நிற்கிறதாம். எத்தனை எண்ணெய் வைத்தாலும் படிய மாட்டேன் என்கிறதாம். "எனக்கும் இவனுக்கும் இப்ப ஒரே அளவு அக்கா!" என்றாள். பின்னணியில் பிள்ளை எதையோ உருட்டித் தள்ளுகிற சத்தம் கேட்டது. அத்தை மட்டும் எல்லாப் பெருமையும் கரிசலாங்கண்ணிக்கே என்கிறாராம்.

பத்தாயிரம் ரூபாய் இன்னும் வரவில்லை. திருப்பித் தர வழியில்லை, வேண்டுமானால் அதற்குப் பதில் ஃபேஷியல் செய்துகொள்ளலாம் என்கிறார்கள். குழுவில் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாகிவிட்டது. நல்ல வேளையாக, ரசீதையும் நோட்டீஸையும் தங்கை தூக்கி எறியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு, திருவள்ளூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறாள். நானும் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.